தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து உல்லாசக் கப்பல்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சாட்ஸ்வர்த்): எங்கள் ஆயாவுக்கு 78 வயது, முழங்கால் வலி உண்டு. மொசாம்பிக் கரைக்குச் சென்று திரும்பும் குறும்பயணத்தில் அவரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். தளத்துக்குத் தளம் மின்தூக்கி உண்டு. அறையைத் தினமும் பணியாளர் துப்புரவு செய்வார். சமைக்கும் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் இல்லாத சில நாட்கள் ஆயாவுக்குக் கிடைப்பதே பெரிய சுகம். சிக்கல் கரையிறங்கும்போதுதான் வரும். போர்த்துகீசியத் தீவிலும் பொமெனேயிலும் பெரிய கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிச் செல்வார்கள். கப்பலின் பக்கவாட்டில் திறந்த வாசலருகே படகு அலையோடு ஏறி இறங்கும். இரண்டு மாலுமிகள் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, படகு மேலெழும் கணத்தில் 'இப்போது' என்பார்கள். அப்போது தயங்காமல் காலை எடுத்து வைக்க வேண்டும். அது முடியாதென்று ஆயா நினைத்தால் கப்பலிலேயே இருந்துவிடட்டும். எல்லோரும் கரைக்குப் போன பிறகு நீச்சல் குளமும் நிழல் நாற்காலிகளும் காலியாகக் கிடக்கும். அந்த ஒரு நாள்தான் கப்பலின் மிக நல்ல நாள் என்பது என் எண்ணம்.

கேள்வி (பீனிக்ஸ்): போன ஆண்டு என் தங்கை சென்ற கப்பல் தீவில் இறக்காமலே திரும்பியது. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாதா?

பதில்: காற்றும் அலையும் மிகுந்தால் படகுப் போக்குவரத்தை நிறுத்தும் உரிமை கப்பல் தலைவருக்கு உண்டு, அது பயணச்சீட்டின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் கரையில் செலவாகாத துறைமுகக் கட்டணமும், முன்பதிவு செய்த சுற்றுலாவின் பணமும் மட்டுமே திரும்பி வரும். நம் பக்கத்துக் கப்பல் பருவம் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் பருவமும் அதே மாதங்கள்தான். ஆகையால் தீவுக்காக மட்டும் சீட்டு வாங்குகிறவர்கள் ஏமாற இடமுண்டு. கப்பலுக்காகப் போகிறவர்களுக்குத் தீவு கிடைத்தால் இலாபம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எனக்குக் காரில் போனாலே வயிற்றைப் பிரட்டும். எந்த அறையை எடுப்பது?

பதில்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்முனையிலும் உச்சித் தளத்திலும் மிகுதி. பால்கனி அறை அழகுதான்; ஆனால் உயரத்தில் அமைந்த பால்கனியை விட நடுவில் அமைந்த சன்னலற்ற அறை உங்களுக்கு நல்ல உறக்கம் தரும், விலையும் குறையும். நடன அரங்குக்கு நேர் கீழேயோ, பஃபே சமையற்கூடத்துக்கு நேர் கீழேயோ உள்ள அறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நள்ளிரவு வரை தாளமும், விடியுமுன் நாற்காலி இழுபடும் ஓசையும் தலைக்கு மேலே கேட்கும்.

மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு. கப்பல் புறப்படுமுன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவரானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதற் பயணத்துக்குக் கேப் டவுன் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று வீசும்போது அலைகள் செங்குத்தாக எழும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு புறமும் நீருக்குள் துடுப்புகள் இருந்தாலும், முன்னும் பின்னுமான ஆட்டத்தை அவை பெரிதும் தடுப்பதில்லை.

கேள்வி (டோங்காட்): தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் குடும்பத்தார் பயணம் வைத்துவிட்டார்கள். சைவ உணவு கிடைக்குமா? அறையில் விளக்கேற்றலாமா?

பதில்: விளக்கும் கற்பூரமும் ஊதுவத்தியும் கூடவே கூடாது, கடலில் தீயை விடப் பெரிய அச்சம் வேறில்லை என்பதால் அறையில் நெருப்பு எதற்கும் இடமில்லை, இஸ்திரிப் பெட்டியைக்கூடப் பறித்து வைத்துக்கொள்வார்கள். பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சைவம் கிடைக்கும், ஆனால் ஒரே கரண்டி சைவப் பாத்திரத்துக்கும் அசைவப் பாத்திரத்துக்கும் போய்வரும் பஃபேயில் விரதம் காப்பது கடினம். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, இருக்கையில் பரிமாறும் உணவகத்தில் முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் சொல்லுங்கள். காவடி எடுப்பவர் நீங்களேயானால், என்னைக் கேட்டால், தேதியை மாற்றுவதே மேல்.

கேள்வி (மெரேபேங்க்): சீட்டு மலிவாக இருக்கிறதே, மறைமுகச் செலவு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வோர் இரவுக்கும் சேவைக் கட்டணம் பெரும்பாலும் டாலரில் சேரும். ராண்ட் இறங்கினால் அது கனக்கும். பானங்கள், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. துறைமுகத்தை விட்டதும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு (flight mode) மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாக இணைந்துகொண்டால் வீடு திரும்பியதும் பில்லைப் பார்த்து அதிர்வீர்கள். உள்நாட்டு மருத்துவத் திட்டம் கடலில் செல்லாமல் போகலாம். கப்பல் மருத்துவருக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருப்பதால் பயணக் காப்பீடு எடுங்கள். மொசாம்பிக்கில் மலேரியா உண்டு. தடுப்பு மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (டர்பன்): எங்கும் வரிசை, எங்கும் கூட்டம் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஆனால் தொல்லை எல்லாம் ஒரே மணியில் எல்லோரும் ஒன்றைச் செய்வதால் வருவது. பந்திக்கு முந்தும் பழக்கத்தை விட்டு, உணவு நேரம் முடிய முக்கால் மணி இருக்கும்போது போங்கள். குளத்தோரம் விடியலிலேயே துண்டு விரித்து நாற்காலி பிடிப்பவர்களோடு வாதாடாதீர்கள்; பின்பக்கத் தளத்தில் இடம் இருக்கும். பஃபேக்கு முன் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுங்கள். நோரோ வைரஸ் வாந்திபேதிக்குக் கையில் தெளிக்கும் கிருமிநாசினி மட்டும் போதாது. புறப்படும் நாளின் உயிர்காப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2012இல் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்த பிறகு, புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ அதை முடிக்க வேண்டும் என்று சர்வதேச விதியைக் கடுமையாக்கினார்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடையையும் மருந்தையும் கடவுச்சீட்டையும் அதில் போட்டுவிடாதீர்கள்.