அந்த ஐந்து ஏக்கரை விற்க வேண்டாம்

கரூரிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவர் மகளுக்கு இந்த வருடம் நீட் மதிப்பெண் போதவில்லை. நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடு என்று தாய்மாமா நெருக்குகிறார். இதைச் சொல்லி அந்த அம்மா என் முன்னால் கண்கலங்கினார். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

விற்காதீர்கள் அம்மா. அரை மணி நேரம் பேசியதில் உங்கள் மகள் டாக்டராக வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். பி.டி.எஸ்., நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் தடுப்பூசி வடிவமைப்பைச் சொல்கிறேன்.

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும். 1966-ல் அமெரிக்காவில் அதற்கு ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வைரஸின் மேலுள்ள எஃப் புரதம் செல்லுக்குள் நுழையும் முன் ஒரு வடிவம், பிறகு வேறு வடிவம். அந்தத் தடுப்பூசி உடம்புக்குக் காட்டியது பெரும்பாலும் இரண்டாவதை. அதைப் பார்த்து உருவான ஆன்டிபாடிகள், அதாவது உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள், வைரஸில் ஒட்டின, ஆனால் அதைச் சரியாகத் தடுக்கவில்லை. 2013-ல் மெக்லெலன், கிரஹாம், குவாங் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் அந்தப் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் நான்கை மட்டும் மாற்றி, மடக்கிய குடை விரியாமல் கட்டிவைப்பது போல, முதல் வடிவத்தை நிலைநிறுத்தினார்கள். அந்த வழியில் வந்த தடுப்பூசிகளுக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஃபைசர், மாடர்னாவின் கொரோனா தடுப்பூசிகளிலும் அந்த வைரஸின் மேலுள்ள ஸ்பைக் புரதத்தை இப்படித்தான், புரோலின் என்ற அமினோ அமிலம் இரண்டை வைத்துப் பிடித்து நிறுத்தினார்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமான ஐ.ஐ.எஸ்சி.யில் ராகவன் வரதராஜன் குழு இதே வகை வேலையைச் செய்கிறது.

இந்த வேலைக்குப் போக வழி? திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஊர்களில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களின் ஐந்து வருடப் படிப்பு. அதற்கான ஐ.ஏ.டி. தேர்வில் கணக்கும் உண்டு. அவள் பயோமேத்ஸ் குரூப் என்பதால் கவலையில்லை. பிளஸ் டூ முடித்த வருடமும் அடுத்த வருடமும் மட்டுமே எழுதலாம், அதனால் ஒரே வாய்ப்புதான் மிச்சம். அது தவறினால் பி.எஸ்சி. முடித்து, ஜாம் என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி, ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்குப் போகலாம்.

பிஎச்.டி. வரை பத்து வருடம் ஆகும், மறைக்க மாட்டேன். ஆனால் ஆராய்ச்சிக் காலத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். நீங்கள் கட்ட வேண்டியதில்லை. அதற்குள் கல்யாண வயசு தாண்டிவிடும் என்பார் மாமா. அந்தப் பேச்சை அவள் காதுபட எடுக்கவே கூடாது.

சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள், கணக்குப் புத்தகத்தோடு. மாமாவுக்கு நானே போன் செய்கிறேன்.