ஆர்டிஐ போடுகிறவர் எம்.பி. ஆனால்? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைத்தான் சுற்றி வருகின்றன. ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போட்டுப் போட்டு ஏரியாவில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாகிவிட்டவர்கள் தேர்தலில் இறங்கலாமா என்பது ஒன்று. தகவல் சட்டத்தின் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது நாம் என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

வேளச்சேரி வாசகர்: ஏரி, வடிகால் பிரச்சினைகளுக்காக ஆர்டிஐ போட்டுவரும் சின்னக் குழு நாங்கள். எங்களில் ஒருவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சி கேட்கிறது. போனால் பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள் பாதிப் பேர். உங்கள் கருத்து என்ன?

போகலாம். ஆனால் ஒருவர் போகட்டும், குழு போக வேண்டாம்.

தகவல் சட்டம் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பிறந்து, கொஞ்ச காலம் கலாக்ஷேத்ராவிலும் படித்த அருணா ராய் ஐஏஎஸ் வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமத்துக்குப் போனார். 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கியது. கூலி வேலைக்கு வந்ததாக எழுதப்பட்ட பெயர்ப் பட்டியலை, அதாவது மஸ்டர் ரோலை, ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரிலெல்லாம் கூலி போயிருந்தது அம்பலமானது. 1996-இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. அத்தனையும் வெளியில் இருந்து நடந்த வேலை. அப்புறம் 2004-இல் அவரே ஒன்றிய அரசுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய ஆலோசனைக் குழுவுக்குள் போய் உட்கார்ந்தார், மசோதா தயாரானது, அதிகாரிகள் அதை நீர்த்துப்போகச் செய்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொண்டுவந்து சரிசெய்ய வேண்டியிருந்தது, 2005 மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. உள்ளே இருந்தவர் இல்லாமல் அந்தத் திருத்தங்கள் வந்திருக்காது. வெளியே தர்ணா இல்லாமல் உள்ளே இருந்தவர் பேச்சை யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. ஆர்டிஐ வேலைக்காகவே 2006-இல் மகசேசே விருது வாங்கிய அர்விந்த் கெஜ்ரிவால் 2012-இல் கட்சி தொடங்கி அடுத்த ஆண்டே டெல்லி முதல்வரானார். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை இணையத்தில் போட்டு வந்த அந்தக் கட்சி 2016-இல் அதை எடுத்துவிட்டது. வெளியில் நின்று கேள்வி கேட்ட ஒரு தலைமுறையே கட்சிக்குள் போய்விட்டதால் வந்த நஷ்டம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். உங்கள் ஆள் ஜெயித்து வந்த மறுநாளே அவர் அலுவலகத்துக்கு முதல் ஆர்டிஐ மனு உங்கள் குழுவிடமிருந்து போக வேண்டும். அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். முகம் சுருங்கினால் அவரை அனுப்பாதீர்கள்.

ஓட்டு விஷயத்தில் கனவு வேண்டாம். மணிப்பூரில் பதினாறு வருடம் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளாவுக்கு 2017 தேர்தலில் கிடைத்தது 90 ஓட்டு. கூடங்குளம் போராட்டத்தின் முகமாக இருந்த சுப. உதயகுமார் 2014-இல் கன்னியாகுமரியில் நின்று தோற்றார். நம் ஊர் டிராஃபிக் ராமசாமி 2015-இல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்தே நின்றார். அவர்களை மதிக்காத ஊர் இல்லை. மதிப்பு வேறு, ஓட்டு வேறு. பூத் கமிட்டி இல்லாமல், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துத் தெருத்தெருவாகப் போக ஆளில்லாமல் நின்றால் இதுதான் நடக்கும். முதல் முறை என்றால் கவுன்சிலர் தேர்தலில் தொடங்குங்கள் என்பேன். மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன, ஒரு வார்டை நடந்தே சுற்றிவிடலாம்.

பெரம்பூர் வாசகி: எங்கள் தெருவில் போட்ட மழைநீர் வடிகாலின் ஒப்பந்ததாரர் பெயரும் பில்லும் கேட்டேன். "தனிப்பட்ட தகவல், தர இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. இனி எல்லாமே இப்படித்தானா?

இந்த ஒரு வரியைக் காட்டாத ஆர்டிஐ நண்பர் இப்போது யாருமில்லை. எனக்கு மிகவும் ஆத்திரம் வருகிற விஷயமும் இதுதான்.

காரணம் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு. முன்பு அதில், பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிப்பட்ட விவரத்தை மட்டும்தான் மறுக்கலாம், அதையும் பொதுநலன் பெரிதாக இருந்தால் தர வேண்டும் என்று இருந்தது. கூடவே ஓர் அழகான வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒரு ஆளுக்கும் மறுக்கக் கூடாது. ஒரு எம்.பி.யும் பெரம்பூரில் இருக்கும் நீங்களும் தகவல் கேட்பதில் சமம் என்று சொன்ன வரி அது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இதையெல்லாம் எடுத்துவிட்டு, "தனிப்பட்ட தகவல்" என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. முதல் மேல்முறையீட்டில் இவற்றை எழுதுங்கள். பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிதென்றால் விலக்கு இருந்தாலும் தகவலைத் தரலாம். பிரிவு 10-இன்படி மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும், ஒப்பந்ததாரரின் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் அடித்துவிட்டுக் கொடுக்கட்டும். தவிர, அரசுப் பணத்தில் நடந்த வேலையின் பில் எப்படி ஒருவரின் சொந்த விஷயமாகும் என்று நேராகவே கேளுங்கள்.

அடுத்த மனுவைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். பெயரைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். "இன்ன தெரு, இன்ன எண் முதல் இன்ன எண் வரையுள்ள மழைநீர் வடிகால் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் தேவை. பிரிவு 2(ஜே)யின்படி மேற்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் தேதி குறித்துத் தரவும்." இவ்வளவு போதும். எம்-புக் என்று இன்ஜினியர்கள் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில்தான் உயிர் இருக்கிறது. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், கான்கிரீட் எத்தனை கனம், எந்தத் தேதியில் யார் அளந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் டேப் பிடித்தால், ஆழத்தில் அரை அடி குறைந்தாலும் தெரிந்துவிடும். அலுவலகத்தில் கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, அதையும் கேட்டுவிடுங்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு பதில் வந்த நாளிலிருந்து 30 நாள்தான். தள்ளிப்போடாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: ஐந்நூற்றுச் சொச்சம் எம்.பி.க்கள் நடுவில் ஒரே ஒருவர், அதுவும் சுயேச்சையாகப் போனால் என்ன செய்துவிட முடியும்?

நிறைய ஆவணத்தை வெளியே கொண்டுவர முடியும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். மற்றதுக்கு எழுத்தில் பதில் வரும். எனக்கு அந்த எழுத்துப் பதில்தான் தங்கம். அமைச்சரின் பெயரில், அவைப் பதிவில் ஏறிய பதில் அது, பின்னால் நீதிமன்றத்தில் ஆவணமாக வைக்கலாம். ஆர்டிஐ மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் இழுத்தடித்த புள்ளிவிவரத்தை எம்.பி. ஒருவர் கேள்வியாகப் போட்டு வாங்கிவிட முடியும். உங்கள் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டீசுக்குக் குறைந்தது 15 நாள் வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே போய்விட வேண்டும்.

அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் உண்டு. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இரு அவையிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. அதற்காக வீண் என்று சொல்லிவிட முடியாது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை ஒருமனதாக ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்க முடியவில்லை, சொந்தமாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. 8(1)(ஜே)யைப் பழையபடி ஆக்கும் ஒரு பக்க மசோதாவை யாராவது ஒரு தமிழ்நாட்டு எம்.பி. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் விடாமல் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சுயேச்சைக்கு இருக்கும் ஒரே பெரிய லாபம், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு கிடையாது. கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை) பதவி போகும். 2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசே முடிவு செய்யலாம் என்று திருத்தம் வந்தபோது, தகவல் சட்டத்தால் பலனடைந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தும் அது நிறைவேறிவிட்டது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் பதவி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராயபுரம் வாசகி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். தேர்தலில் நிற்கலாமா? ஆர்டிஐ போடலாமா?

நிற்க வேண்டும் என்றால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டும். வேட்பாளருக்கு ஏஜென்டாக பூத்தில் உட்காருவதும் கூடாது, அது தண்டனைக்குரிய குற்றம். ஆர்டிஐ தாராளமாகப் போடலாம், யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் சொந்த முகவரியிலிருந்து குடிமகளாகப் போடுங்கள், பதவியைக் குறிப்பிடத் தேவையில்லை.

கொளத்தூர் வாசகர்: கட்சிகளிடமே ஆர்டிஐ போட்டுக் கணக்கு கேட்க முடியுமா?

சட்டப்படி முடிய வேண்டும். 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளை, காங்கிரஸ், பாஜக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் எல்லாவற்றையும், பொது அதிகார அமைப்பு, அதாவது ஆர்டிஐக்குப் பதில் தர வேண்டிய அமைப்பு, என்று அறிவித்தது. ஒருவர்கூட அதற்குக் கட்டுப்படவில்லை. இடதும் வலதும் கைகோத்து நின்ற அபூர்வமான விஷயம் இது. மனதுக்கு வலிக்கிறது.

ஆனாலும் வேறு வழிகளில் ஜெயித்திருக்கிறோம். தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு தொடுத்த வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் இன்று ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரத்தைப் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரமாகத் தருகிறார். 2024 பிப்ரவரி 15 அன்று, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டமே செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் வாக்காளரின் தகவல் உரிமையை வைத்துத்தான்.

அம்பத்தூர் வாசகர்: மனு போட்ட மறுநாளே சம்பந்தப்பட்டவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். எப்படித் தெரிந்தது? என்ன செய்வது?

உங்கள் மனுவின் நகலை யாரோ அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிர் வனப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கத்தைத் தோண்டித் துருவிய அமித் ஜெத்வா 2010-இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை வெளியில் சொல்பவர்களைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் போட்டார்கள், அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

உடனே செய்ய வேண்டியது: வந்தவர் பேசியது, தேதி, நேரம், வண்டி எண் எல்லாவற்றையும் எழுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அதன் நகலைத் தகவல் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். அதே மனுவை வெவ்வேறு பகுதியில் இருக்கும் நாலைந்து பேர் தங்கள் பெயரில் போடட்டும், ஒருவரை மிரட்டுவதில் அப்புறம் பிரயோஜனம் இருக்காது. பிரிவு 6(2)-இன்படி ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, தொடர்புகொள்ள ஒரு முகவரி போதும். அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. தனியாகப் போராடாதீர்கள், தயவுசெய்து.

அடையாறு, கல்லூரி மாணவி: தகவல் உரிமைக்காகவே நாடாளுமன்றத்துக்குப் போனவர்கள் வெளிநாட்டில் உண்டா?

உலகின் முதல் தகவல் சட்டமே அப்படி வந்ததுதான். இன்றைய பின்லாந்தில் இருந்த ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்ற பாதிரியார் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்குப் போய், அரசு ஆவணங்களை யாரும் பார்க்கலாம் என்ற சட்டம் 1766-இல் வருவதற்கு முக்கியக் காரணமாக இருந்தார். அதே வருடம் அவையின் நாணயக் கொள்கையை விமர்சித்து எழுதியதற்காக அவரை அங்கிருந்து வெளியேற்றிவிட்டார்கள். நம் காலத்தில் ஐஸ்லாந்தின் பிர்கிட்டா யோன்ஸ்தோத்திர். வங்கிகள் திவாலான பிறகு 2009-இல் எம்.பி. ஆனார். தகவல் சொல்பவரையும் பத்திரிகையாளரையும் பாதுகாக்கும் தீர்மானத்தை 2010 ஜூனில் அவை ஏற்றுக்கொள்ள முன்னின்றார். 2012-இல் அங்கே பைரேட் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், 2016 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 10 இடம் கிடைத்தது.

நீங்கள் ப்ராஜெக்ட் செய்வதாக எழுதியிருந்தீர்கள். நம் வீட்டுக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசுக்கு எட்டு வருடம் முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனியாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது. விதிவிலக்குகளை அடுக்கி வைத்திருந்ததால் மக்கள் கைக்கு அது வந்து சேரவில்லை. அந்தச் சட்டத்தையும் 2005 சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்தக் காலச் சட்டமன்ற விவாதத்தைக் கேட்டுச் சட்டப்பேரவைச் செயலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும்.