மாமியின் கறுப்புப் பையும் மகளின் மேசையும்

கேள்வி: வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாமா காலமான பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து மாமியும் எங்களோடு வந்துவிட்டார். கூடவே ஒரு சின்ன லொறி நிறையச் சாமானும் வந்தது. கட்டிலுக்குக் கீழே பித்தளைப் பாத்திரங்கள், அலுமாரிக்கு மேலே சூட்கேஸ்கள், பல்கனியில் பால்மாப் பேணிகளும் மண்ணெண்ணெய்க் குக்கரும், மாமாவின் உடுப்புகள், மருந்துகள், ஒரு பழைய ரீவி. பிள்ளைகளின் தள்ளுவண்டி, யாரும் ஏறாத ட்ரெட்மில், மிக்சி வந்த மட்டைப்பெட்டி என்று எங்களுடையதும் கொஞ்சம் இருக்கிறது. மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுக்கு ஒரு மேசை போட இடமில்லை. ஒரு நாள் மாமி கோயிலுக்குப் போன நேரம் இரண்டு பை சாமானை எறிந்துவிட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. தலைமாட்டில் ஒரு கறுப்புப் பை வைத்திருக்கிறார், அதைத் தொடவே விடமாட்டார். கணவர் “அம்மாவை விடு” என்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது முழுக்க உங்கள் பக்கம்தான் நின்றேன். சதுர அடிக்கு விலை பேசும் வெள்ளவத்தையில், கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பித்தளைக் கிடாரத்துக்கும் சேர்த்து வாடகை கட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இரண்டாம் தரம் வாசித்தபோது அந்தக் கறுப்புப் பையில் கண் நின்றுவிட்டது. நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு விஷயமே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

அதற்குள் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லுவேன். வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கொஞ்சம் காசு, ஒரு ரோச் லைற். உங்கள் மாமி கொக்குவில்காரர் என்றால் 1995 ஒக்டோபர் 30 அவருக்கு மறந்திருக்காது. சண்டை நெருங்கிவர, அன்று இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே வீடுகளை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அடுத்த வருடம் திரும்பிப் போன பலருக்கு வீட்டில் கதவும் யன்னலும்கூட மிஞ்சியிருக்கவில்லை. கொழும்பில் இருந்த தமிழருக்கு அது 1983 ஜூலைக் கலவரத்திலேயே நடந்துவிட்டது. குறைந்த சாமானோடு வாழ்வது எப்படி என்று நீங்கள் வீடியோவில் பார்ப்பவராக இருக்கலாம். மாமி அதை வாழ்ந்தே பார்த்துவிட்டார், அவருக்குப் பிடிக்கவில்லை.

அதனால் முதல் வேலை எறிவது இல்லை. முதல் வேலை அந்தப் பை.

ஒரு பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, “மாமி, உங்கட பத்திரங்களை வடிவாக ஒழுங்குபடுத்தி வைப்போமா? கொழும்புக் காற்றுக்குப் பழுதாகிப் போகும்” என்று கேளுங்கள். அதில் பொய்யும் இல்லை. கடலோரத்து மரைன் டிரைவுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் வீட்டில் உப்புக் காற்று இரும்பைக் கறள் பிடிக்க வைக்கும், ஈரம் தாளில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். பைல் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பத்திரத்தையும் தனி உறையில் போடுங்கள். போனில் படம் எடுத்து, மாமிக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவிட்டு, அதை மாமிக்குக் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். உறுதியை மட்டும் தயவுசெய்து லாமினேட் பண்ணிவிடாதீர்கள். பழைய தாளுக்கு அந்தச் சூடு ஆகாது, பிறகு உரித்தெடுக்கவும் முடியாது. எல்லாம் முடிந்ததும் பைலை அதே கறுப்புப் பைக்குள் வைத்து, அதே தலைமாட்டில் வைத்துவிடுங்கள். பை அங்கேயே இருக்கட்டும்.

இப்போது நீங்கள் எறிந்த அந்த இரண்டு பை. நான் உங்களைத் திட்டப் போவதில்லை, ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன். அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு அனெக்ஸில் இருந்தோம். அம்மாவின் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் காகிதம். பழைய மின்சார பில், கலியாண அழைப்பிதழ், எண்பதுகளின் கலண்டர்கள். கட்டுகளுக்குப் போட்டிருந்த ரப்பர் பாண்ட் உருகித் தாளோடு ஒட்டிப்போய், இழுத்தால் அவித்த நூடில்ஸ் மாதிரி அறுந்து வந்தது. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, அம்மா சந்தைக்குப் போன நேரம், ஒழுங்கையால் கூவிக்கொண்டு போன போத்தல்-பேப்பர்காரரைக் கூப்பிட்டு நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குள் அப்பாவின் கணக்குக் கொப்பி ஒன்று போய்விட்டது. மரக்கறி இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு சதம் என்று அவர் கையால் எழுதியது. அவர் கையெழுத்தில் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அம்மா ஏசவில்லை. அன்றிலிருந்து அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதுவரை தானாகக் கழித்துக்கொண்டிருந்த கிழிந்த துண்டு, ஓட்டை வாளி என்று எதையும் பிறகு கழிக்கவில்லை. நான் எறிந்தது ஏழு கிலோ. அதனால் வீட்டுக்குள் சேர்ந்தது ஒரு லொறி. உங்கள் வீட்டிலும் அது தொடங்குவதற்கு முன், மாமியிடம் போய், “கேளாமல் எறிந்தது பிழைதான், இனிச் செய்யமாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். “ஆனால்” என்று ஒன்றையும் பின்னால் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது, கோபிக்காதீர்கள், உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிற தள்ளுவண்டியும் ட்ரெட்மில்லும். மாமியின் பேணிகளுக்கு நீளமாகப் பட்டியல் போட்ட கை, இவற்றைக் “கொஞ்சம்” என்று முடித்துவிட்டது. ஒரு ட்ரெட்மில் பிடிக்கும் இடமும் ஒரு படிப்பு மேசை பிடிக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாடாவால் அளந்து பாருங்கள். இந்தச் சனிக்கிழமை அதை விற்றுவிடுங்கள். கணவர் திங்கட்கிழமையில் இருந்து ஓடப் போவதாகச் சொன்னால், கடற்கரைப் பாதை வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்துங்கள். மட்டைப்பெட்டிகளையும் கழியுங்கள். உத்தரவாதத்துக்கு வேண்டியது பில்லும் அட்டையும். கடையில் ஒருதரம் கேட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி. இவை போவதை மாமி பார்க்கட்டும். தன் சாமானில் யாரும் கை வைக்கவில்லை, அவர்கள் தங்களுடையதைத்தான் கழிக்கிறார்கள் என்று கண்ணால் கண்டால், ஒரு கிழமைக்குள் அவரே ஒரு பேணியைத் தூக்கிக்கொண்டு வருவார். என் அனுபவத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அப்புறம்தான் மாமியின் சாமான். இதில் ஒன்றுக்கு மட்டும் அவசரம் இருக்கிறது: பல்கனி. வெறும் பேணியில் மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு அது போதும். அதன் முட்டை தண்ணீர் வற்றின பிறகும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். நுளம்பு பெருக விடுவது 2007இல் வந்த சட்டத்தின்படி குற்றம். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்குக் கூடப் போடலாம். இதை மாமியிடம் பயமுறுத்தலாகச் சொல்லாமல், பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் என்று சொன்னால் போதும். மூடியுள்ள பேணி உள்ளே வரலாம், மூடி இல்லாதது போகட்டும். ஐஸ்கிறீம் பெட்டிகளுக்கும் இதே கணக்குத்தான். எங்கள் வீடுகளில் பெட்டி பத்து இருந்தால் மூடி ஆறுதான் இருக்கும்.

மாமாவின் உடுப்புக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். நாங்கள் விசித்திரமான ஆட்கள். அந்தியேட்டிக் கிரியைக்குக் குடையும் செருப்பும் வேட்டியும் புதிதாக வாங்கிக் குருக்களுக்குத் தானம் கொடுக்கிறோம், காலமானவர் உடுத்த சேர்ட் மட்டும் அலுமாரியிலேயே தொங்கும். அதைக் கழற்ற மாமிக்கு ஒரு நாள் வேண்டும், அந்த நாளை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த திவசம் எப்போது வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பத்து நாள் முன், “இந்த முறை அப்பாவின் பெயரில் முதியோர் இல்லத்துக்கு உடுப்புக் கொடுப்போமா?” என்று மாமியின் மகனைக் கொண்டு கேட்க வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம். “அம்மாவை விடு” என்று ஒதுங்கி நிற்கும் உங்கள் கணவருக்கு வீட்டில் இருக்கிற வேலை இதுதான். கொடுப்பதைத் தோய்த்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். கிழிசலைக் கொடுத்துப் புண்ணியக் கணக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருந்து வேறு கதை. அதை வைத்திருக்கவும் கூடாது, அடுத்த வீட்டு அங்கிளுக்கும் அதே பிரஷர்தானே என்று கொடுக்கவும் கூடாது. மாமா இன்சுலின் ஏற்றியிருந்தால் ஊசிகளைக் கட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, மேலே எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் வாயாலும் சொல்லுங்கள். பையைத் தூக்குகிறவர் அவர், குத்தப் போவதும் அவர் கையில்தான்.

பழைய ரீவியை இரவோடு இரவாக ஒழுங்கை முனையில் வைத்துவிட்டு வருகிற வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. வேண்டாம். அந்தக் கனத்த கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்று மின்கழிவு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், லாச்சிக்குள் கிடக்கும் பழைய போன், சார்ஜர்களையும் சேர்த்து அவர்களிடம் கொடுங்கள். நாங்கள் எறிவது காணாமல் போய்விடுவதில்லை. 2017 ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்று, கொழும்புக்குக் கிட்ட மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த மேட்டில் என் வீட்டுப் பையும் இருந்திருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றும் வீட்டில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன்: நினைவு மலர்கள். முப்பத்தோராம் நாளுக்குப் போய் வரும்போது கையில் தருவார்களே, அட்டையில் காலமானவரின் படமும் உள்ளே தேவாரங்களுமாக, அது. எறியவும் மனம் வராது, வாசிக்கவும் மாட்டோம். ஒரு அடுக்கு சேர்ந்திருக்கும். இதற்கு நல்ல வழி உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு இப்படியான மலர்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைக்கிறது. ஊர் வரலாறு, பரம்பரை எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. மாமியிடம் சொன்னால் மலர் மலராக எடுத்து ஒவ்வொருவரின் கதையும் சொல்லுவார். மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். மற்றப் புத்தகங்களுக்கு, 57ஆம் ஒழுங்கையில் உங்கள் காலடியிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். அவர்களுக்கும் இடப் பிரச்சினை இருக்கும்தானே.

பித்தளையைக் கடைசிக்கு விடுங்கள். மாமிக்கு அது சீதனமாக வந்திருக்கும். எது யாருக்கு என்று அவரே பிரிக்கட்டும். கிடாரத்தைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுக்கும் எண்ணம் அவருக்கே வரக்கூடும். வராவிட்டால் கட்டிலுக்குக் கீழே இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கட்டும், கட்டிலுக்குக் கீழே யாரும் மேசை போடுவதில்லை.

மண்ணெண்ணெய்க் குக்கரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். காஸ் சிலிண்டருக்கு ஒழுங்கை ஒழுங்கையாக வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்கூடக் கரண்ட் இல்லை. மின்சார அடுப்பை நம்பியிருந்த புதுத் தொடர்மாடிக்காரர்கள் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான், ஆனாலும் எங்கள் மாடியில் சோறு வெந்தது மூன்றாம் வீட்டு ஆச்சியின் கறள் பிடித்த குக்கரில். நாங்கள் எல்லாரும் அரிசியைக் கழுவிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றோம். அதை மட்டும் எறிய வேண்டாம். துடைத்து, திரியை மாற்றி, மூடி வையுங்கள்.