மகள் எத்னிக் ஸ்டடீஸ் படிக்க விரும்புகிறாள்: எந்தக் கல்லூரி?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கில் எப்போதும் முன்னால் நிற்கும் மகள், பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் எத்னிக் ஸ்டடீஸ்தான், அதாவது அமெரிக்காவின் சிறுபான்மை இன மக்களின் வரலாறும் வாழ்வும் பற்றிய படிப்புதான் படிப்பேன் என்கிறாள். வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "இதற்கெல்லாம் ஒரு டிகிரியா?" என்று கேட்கிறீர்கள். டிகிரிதான் ஐயா, நல்ல படிப்பும்கூட. ஆனால் கல்லூரித் தேர்வில் கோட்டைவிட்டால் நான்கு ஆண்டு உழைப்பும் பணமும் பாதிப் பலன்தான் தரும். என் கவலை அதில்தான்.

நீங்கள் இருக்கும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இந்தப் படிப்பு பிறந்தது. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். தங்கள் மக்களின் வரலாறும் பாடமாக வேண்டும் என்பது கோரிக்கை. போராட்டம் ஐந்து மாதம் ஓடியது. 1969 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டு, எத்னிக் ஸ்டடீஸுக்கென்றே ஒரு தனிப் பிரிவு அங்கே உருவானது. பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் அதே ஆண்டு மாணவர்கள் போராடித்தான் துறையைப் பெற்றார்கள்.

படித்தால் என்ன தெரிந்துகொள்வாள்? ஒன்று மட்டும் சொல்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, அவர் வெள்ளையர் அல்ல என்று சொல்லி 1923-இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913 முதலே சட்டம் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு இந்திய விவசாயிகளும் அதில் சிக்கினார்கள். 1946-இல் குடியுரிமைக் கதவு திறந்தது. 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியது. நீங்கள் வந்து, வேலை பார்த்து, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அதன் பிறகுதான். உங்கள் மகள் தேடுவது உங்கள் கதையையும் சேர்த்துத்தான்.

இனி கல்லூரிக்கு வருகிறேன். தரவரிசைப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். இந்தப் படிப்புக்கு அது உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாடம் நடத்துபவர்கள் இந்தத் துறையின் நிரந்தரப் பேராசிரியர்களா, வரலாறு, சமூகவியல் துறைகளிலிருந்து இரவல் வந்தவர்களா? துறை என்றால் அதற்கென்று ஆள் எடுக்கும் அதிகாரமும் பணமும் இருக்கும். 'புரோகிராம்' என்ற பெயரில் நடப்பவற்றில் பலவும் மற்றவர்களின் தயவில் ஓடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்திலேயே 2019-இல், இனம், குடியேற்றம் பற்றிய இத்தகைய புரோகிராமிலிருந்து 13 நிரந்தரப் பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் விலகினார்கள். புரோகிராமுக்கென்று தனிப் பணியிடங்கள் இல்லை என்பதே அவர்கள் குறை. பிறகு பணியிடங்கள் கிடைத்ததும் திரும்பினார்கள். யேலின் பெயரால் மட்டும் மாணவர்களுக்கு ஆசிரியர் கிடைத்துவிடவில்லை.

என்னிடம் வந்த ஒரு மாணவி ஒரு கல்லூரியின் பாடப் பட்டியலைக் காட்டி மலைத்துப்போனாள். நாற்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள். அந்தப் பருவத்துக்கான வகுப்பு அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். உண்மையில் நடந்தவை ஐந்து. அவற்றில் மூன்று முதலாண்டு அறிமுகப் பாடங்கள். ஒன்றின் நேரே ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்றிருந்தது. நீங்களும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து, கடந்த நான்கு பருவங்களின் அட்டவணையை எடுத்து, மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள் எத்தனை முறை நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான். எந்த விளம்பரப் புத்தகத்தைவிடவும் அது உண்மை பேசும்.

கலிஃபோர்னியாவிலேயே வகைகள் வேறு. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்கர், பூர்வகுடி என்று தனித்தனித் துறைகள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவும் அப்படியே. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல சமூகங்களை ஒப்பிட்டுப் படிக்கும் ஒரே துறை. ஒரு சமூகத்தை ஆழமாகவா, பலவற்றைச் சேர்த்தா என்று மகளிடம் கேளுங்கள்; பதிலிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். வெளி மாநில அரசுப் பல்கலைக்கழகம் என்றால், அந்த மாநிலச் சட்டமன்றம் இத்தகைய பாடங்களுக்கு என்ன கட்டுப்பாடு போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். செலவு பயமுறுத்தினால் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். மாநிலத்தவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "முதலில் இதில் சேரட்டும், உள்ளே போனதும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற்றிவிடலாம்" என்று நம்மவர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு வேண்டாம். பெர்க்கிலி போன்ற இடங்களில் நேரடியாக அந்தப் பாடத்தில் இடம் பெறாதவர் பிறகு நுழைவது மிகக் கடினம். அவளுக்குக் கணக்கும் பிடிக்குமென்றால் புள்ளியியலை இரண்டாவது பாடமாக எடுக்கலாமா என்று கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கும் குடியேற்ற வரலாறும் ஒருசேரத் தெரிந்தவருக்குப் பொதுச் சுகாதாரம், நகராட்சித் திட்டமிடல் போன்ற துறைகளில் நல்ல மதிப்பு உண்டு.

வேலை? இந்த டிகிரி மட்டும் வேலை வாங்கித் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் அடுத்த படி ஒன்று ஏறுகிறார்கள். சட்டக் கல்லூரிக்கு இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சமூகப்பணியில் முதுகலை உண்டு. பள்ளி ஆசிரியராக மாநிலச் சான்றிதழ் வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் கற்பிக்க முதுகலை வேண்டும். 2020-இல் வந்த சட்டத்தால் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக இளங்கலை மாணவர் அனைவரும் ஒரு எத்னிக் ஸ்டடீஸ் பாடமாவது படிக்க வேண்டும். அதை நடத்தவும் ஆள் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளிலும் எத்னிக் ஸ்டடீஸைக் கட்டாயமாக்கும் 2021 சட்டத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நிதி ஒதுக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

யூசி, அதாவது பெர்க்கிலி, யூசிஎல்ஏ போன்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களுக்கு நவம்பர் இறுதியையொட்டிக் கடைசித் தேதி வரும். அதற்குள் ஒரு நாள் விடுப்பு எடுத்து, துறைக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி அனுமதி பெற்று, மகளோடு ஒரு வகுப்பில் நீங்களும் போய் உட்காருங்கள் ஐயா. திரும்பி வரும் வழியில் காரில் அவளைப் பேசவிட்டுக் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.