டி. ரெக்ஸா, ஜிகனோடோசாரஸா? உங்கள் மகனின் பட்டிமன்றத்துக்கு

சார், டி. ரெக்ஸ், ஜிகனோடோசாரஸ் என்ற இரண்டு டைனோசர்கள் மோதினால் எது வெல்லும் என்ற லாஸ்பேட்டைப் பள்ளிப் பட்டிமன்றத்தில் உங்கள் மகன் ஜிகனோடோசாரஸ் பக்கம் பேச வேண்டும், "அதுதான் பெரியது" என்பதைத் தவிர கையில் வாதம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாதத்தை முதலில் விட்டுவிடச் சொல்லுங்கள். நீளத்தில் இரண்டும் சுமார் 12 மீட்டர், எடையில் டி. ரெக்ஸ்தான் கனம் என்பதே பெரும்பாலான கணக்கு.

பல்லைப் பற்றிப் பேசட்டும். ஜிகனோடோசாரஸின் பல் அரிவாள்மணை மாதிரி தட்டையானது, கூரானது. சதையைக் கிழித்துவிட்டு விலகி, எதிரி ரத்தம் இழந்து தளரும்வரை காத்திருக்கலாம். டி. ரெக்ஸ் எலும்பையே நொறுக்கும். ஒரு பின்பல்லில் மட்டும் கடி விசை 35,000 நியூட்டனுக்கு மேல் என்று 2012இல் கணக்கிட்டார்கள். கழுத்தில் ஒரு கடி விழுந்தால் சண்டை முடிந்தது. என் ஓட்டு டி. ரெக்ஸுக்குத்தான். ஆனாலும் "முதல் கடி யாருடையது?" என்று உங்கள் மகன் கேட்டால் எதிரணி திணறும்.

இரண்டும் சந்தித்ததே இல்லை. ஜிகனோடோசாரஸ் வாழ்ந்தது அர்ஜென்டினாவில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன். டி. ரெக்ஸ் வட அமெரிக்காவில், ஏறக்குறைய 3 கோடி ஆண்டு கழித்து. இதை அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடட்டும்.

அப்புறம், திருவக்கரை கல்மரங்களை டைனோசர் காலத்தவை என்று சேர்க்கப் போகிறானாமே, அது வேண்டாம். அவை சுமார் 2 கோடி ஆண்டு பழையவை. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் பக்கத்துச் சேதி வேண்டுமென்றால் டைனோசர் காலத்து அரியலூர்ப் பாறைகளைச் சொல்லட்டும்.