ஈரானின் மேற்கு அஜர்பைஜான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அங்கே அஜர்பைஜானியர் எத்தனை பேர், குர்துகள் எத்தனை பேர்? கணக்கெடுப்பின் சமய விவரத்தைக் கொண்டு கணக்கிட முயன்றும் முடியவில்லை.

நீங்கள் தேடும் இனவாரி எண்ணிக்கை ஈரானின் 2016 கணக்கெடுப்பு அட்டவணையில் கிடைக்காது. அது ஊர்வாரியாகக் குடும்பங்களையும் ஆட்களையும் தருகிறதே தவிர, இனத்தைக் கேட்பதில்லை.

சமய விவரத்தைக் கொண்டு கணக்கிட முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாகாணத்தில் அஜர்பைஜானியர் பெரும்பாலும் ஷியாக்கள், குர்துகள் பெரும்பாலும் சன்னிகள் என்பது சரியே. ஆனால் இரு பிரிவினரும் கணக்கெடுப்பின் சமயக் கேள்வியில் முஸ்லிம் என்ற ஒரே விடைக்குள் அடங்கிவிடுவதால்தான் உங்கள் கணக்கு எங்கும் நகரவில்லை.

இதைச் செய்து பாருங்கள்:

1. ஊர் எந்த மாவட்டத்தில், எந்த தெஹெஸ்தானில் (சிற்றூர்த் தொகுதியில்) உள்ளதென உறுதிசெய்யுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு.

2. நிலப்படத்தில் சுற்றுப்புறப் பெயர்களைப் படியுங்கள். நீரூற்றைத் துருக்கிய மொழியான அஜர்பைஜானியில் 'புலாக்' என்பர், குர்தியில் 'கானி' என்பர். நகதே, மியாந்தொவாப் நகரங்களின் பக்கத்துக் கலப்புப் பகுதிகளில் இது மிகவும் பயனுள்ள தடயம்.

ஆயினும், குடிகள் மாறிய பின்னும் பழைய ஊர்ப்பெயர் நிலைத்திருக்கும். இரு மொழியும் பேசும் வீடுகளும் உண்டு. எனவே விழுக்காடு எதையும் தயவுசெய்து ஊகித்து எழுதாதீர்கள். 'இரு சமூகத்தினரும் வாழ்கின்றனர்' என்பதற்கும் களத்தில் எழுதப்பட்ட சான்று வேண்டும்.