டிவியைத் தூக்கிவிட்டு புரொஜெக்டர் மாட்டலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஹாலில் 65 அங்குல டிவி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு புரொஜெக்டர் மாட்டலாமா சார்?

பதில்: ஹால் என்றால் வேண்டாம். புரொஜெக்டருக்கு வெளிச்சம் போடத்தான் தெரியும், கறுப்பு போடத் தெரியாது. படம் ஓடாதபோது திரை எந்த அளவு வெளுத்துத் தெரிகிறதோ, படத்திலும் கறுப்பு அதற்குக் கீழே இறங்காது. ஜன்னல் திறந்திருந்தால் இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். லூமென் (புரொஜெக்டர் உமிழும் வெளிச்சத்தின் அளவு) கூடின மாடல் வாங்கினால் வெள்ளைதான் கூடும்.

கனத்த திரைச்சீலை போட்டு இருட்டாக்க முடிகிற தனி அறை இருந்தால் கதையே வேறு. அங்கே 120 அங்குலப் படம் தரும் நிறைவை 65 அங்குல டிவி தராது. (120 அங்குல டிவியை மாடிப்படியில் ஏற்றிப் பாருங்கள், புரியும்.) கூரையும் பக்கச் சுவர்களும் வெள்ளையாக இருந்தால் திரையின் வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பி வந்து கறுப்பைக் கெடுக்கும். திரையை ஒட்டிய ஒரு மீட்டருக்காவது பளபளப்பில்லாத அடர்நிறம் அடியுங்கள்.

கேள்வி: பெட்டியில் 9000 லூமென் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: ஆன்சி லூமென் அல்லது ஐஎஸ்ஓ லூமென் (தரநிலைப்படி அளந்தது) என்று எழுதியிருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். 100 அங்குலத் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். டிஜிட்டல் தியேட்டர்களின் இலக்கு 48 நிட் (திரையில் தெரியும் பிரகாசத்தின் அலகு). இருட்டறையில், கெயின் 1 உள்ள (வெளிச்சத்தை ஒரே பக்கம் குவிக்காத சாதாரண வெள்ளை) திரையில் அதை எட்ட ஏறத்தாழ 420 லூமென் போதும். 120 அங்குலத்துக்கு 600. ஆனால் பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் படம் பச்சையாகத் தெரியும் 'டைனமிக்' மோடில் எடுத்தது. சினிமா மோடுக்கு மாற்றினால் நன்றாகவே குறையும், லாம்ப் பழசாகும்போது இன்னும் குறையும். ஆன்சி 1500 இருந்தால் கவலையில்லை.

கேள்வி: டிஎல்பியா, 3எல்சிடியா?

பதில்: இரண்டும் புரொஜெக்டர் படத்தை உருவாக்கும் முறைகள். ஒற்றைச் சிப் டிஎல்பி நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வானவில் கீற்று தெரியும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சோதித்த பிறகே வாங்குங்கள். மூன்று நிறங்களையும் மூன்று பேனல்களில் ஒரே சமயத்தில் காட்டும் 3எல்சிடியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதில் ஃபில்டரைத் துடைக்காமல் விட்டால் தூசி பேனல் பக்கம் போய், படத்தில் மங்கலான பொட்டாக நிற்கும்.

கேள்வி: எவ்வளவு தூரத்தில் மாட்டணும்?

பதில்: திரையின் அகலத்தைத் த்ரோ ரேஷியோவால் (திரையின் அகலத்தைப்போல் எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்ற எண்) பெருக்குங்கள். ரேஷியோ 1.3 முதல் 1.6 வரை என்றால் 100 அங்குலத்துக்கு 2.87 முதல் 3.54 மீட்டர். லென்ஸை நேர்ப்படுத்த முடியாமல் கீஸ்டோனில் (கோணலான படத்தை மென்பொருளால் நேராக்கும் வசதி) சரிசெய்தால் பிக்சல்கள் வீணாகி எழுத்தின் கூர்மை போகும். லென்ஸ் ஷிஃப்ட் (புரொஜெக்டரைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் வசதி) உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

கேள்வி: எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடின படம்) டிவி மாதிரி இருக்குமா அண்ணா?

பதில்: இருக்காது. நல்ல டிவி 1000 நிட் போகும். வீட்டுப் புரொஜெக்டரில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும்.

கேள்வி: 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுக்கணும். 4கே வருமா?

பதில்: சாதாரணச் செம்புக் கேபிளில் அவ்வளவு தூரத்துக்கு 4கே விட்டுவிட்டு வரும், இல்லை வரவே வராது. ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' முனை பிளேயரில், 'டிஸ்ப்ளே' முனை புரொஜெக்டரில். சுவருக்குள் புதைக்கும் முன்பே சொருகி, படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.